தொற்றில்லை என்ற முடிவுக்குப் பின்: பேறுகாலப் புதுத்தொற்றின் வரலாறு

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ புதிதாகத் தொற்றுக்கு உள்ளான தாய்மார் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. ஆயினும், தாய்ப்பால்வழித் தொற்றுக்குரிய தொடக்கச் சான்று அத்தகைய தாய் ஒருவரிடமிருந்தே கிடைத்தது.

1985இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தனர். மகப்பேற்றுக்குப் பின் ஏற்றப்பட்ட குருதியால் ஒரு தாய் தொற்றுக்கு உள்ளானார். அவரிடம் பாலருந்திய குழந்தைக்கும் தொற்று ஏற்பட்டது. கருவில் இருந்தபோது தாய்க்குத் தொற்று இல்லை என்பதால், தாய்ப்பாலே அதன் வழி எனக் கருதப்பட்டது. 1992இல் அதே இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு இவ்வேறுபாட்டை அளந்து காட்டியது. முன்பே தொற்றுடைய தாய்மாரிடம் பாலூட்டலால் கூடுதலாக நேரும் இடர் 14 விழுக்காடு. மகப்பேற்றுக்குப் பின் தொற்றுக்கு உள்ளானோரிடம் அது 29 விழுக்காடு.

தொற்றிய முதற் சில வாரங்களில் உடலில் வைரசின் அளவு மிகுந்திருத்தலே இதற்குக் காரணம். அதே வாரங்களில், எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை தொற்றில்லை என்றே காட்டக்கூடும். இடர் மிகுந்த காலமே அறியப்படாத காலமாகவும் அமைகின்றது.

1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வு, ஜிடோவுடின் மருந்தால் தொற்று 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைவதை மெய்ப்பித்தது. 1999இல் உகாண்டா ஆய்வு, தாய்க்கும் சேய்க்கும் ஒருமுறை அளிக்கும் நெவிரபினின் பயனைக் காட்டியது. இவ்விரண்டும் பெருஞ்சாதனைகளே. எனினும், தொற்று இருப்பது தெரிந்த தாய்க்கே இம்மருந்துகள் சென்று சேரும். முதல் வருகையில் மட்டும் பரிசோதனை செய்யும் நடைமுறையில், தொற்றில்லை என்று அறிவிக்கப்பட்ட பெண் அவ்வளவில் கண்காணிப்பிலிருந்து விலகிவிடுகின்றார்.

2006இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், இடர் மிகுந்த பெண்களுக்கும் தொற்று மிகுந்த பகுதிகளில் வாழ்வோருக்கும் கருவுற்ற இறுதி மும்மாதத்தில் மறுபரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. 1992இல் அளந்து காட்டப்பட்ட இடரோடு ஒப்பிட, இது காலந்தாழ்ந்த திருத்தமே. மேலும், இறுதி மும்மாதத்துச் சோதனையும் பாலூட்டும் மாதங்களில் நேரும் தொற்றைக் காட்டாது. ஆகவே, பாலூட்டும் காலத்து மறுபரிசோதனையும் கணவரின் பரிசோதனையும் தாய்சேய் நலப்பணியின் உறுப்புகளாதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படுவது. தொற்றில்லை என்ற முடிவு சோதனை நாள்வரைக்குமான சான்றும் ஆகாது. அதற்குச் சில வாரங்கள் முந்தைய நிலையையே அது உரைக்கின்றது.