கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா? புது கார்டு வாங்கும் முன் ஹார்ட் டிஸ்கைப் பாருங்கள்

பட்டர்வொர்த்: "கேம் நின்னு நின்னு ஓடுதுப்பா, புது கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்று பிள்ளை கேட்டால், பெற்றோர் உடனே ஆயிரம் ரிங்கிட்டை எடுத்து வைக்க வேண்டியதில்லை. கோளாறு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தொகையில் சிறு பங்கே போதும்.

விநாடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான். சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க், ஒரே ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கவே 10 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். புதிய தெருவுக்குள் காரை ஓட்டினால் நூற்றுக்கணக்கான தகவல்கள் ஒரே நேரத்தில் தேவை; திரை உறைந்து நிற்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. 2023இல் வெளியான ஸ்டார்ஃபீல்ட், எஸ்எஸ்டி கட்டாயம் என்றே அறிவித்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எந்நேரமும் ஒரே மந்தமாக ஓடினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள்; அது கார்டு அல்லது பிராசசரின் வேலை. புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் நின்று, அதே இடத்துக்குத் திரும்பி வரும்போது சீராக ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. கணினியை அணைத்துப் போட்ட பிறகு அதே இடத்தில் மறுபடியும் திக்கினால் பெரும்பாலும் டிஸ்க்தான்.

உறுதி செய்ய, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். திக்கும் நொடியில் டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொட்டு, ஜிபியு சட்டென இறங்குகிறதா? அங்கேயே மெமரியையும் பாருங்கள். அது நிரம்பி வழிந்தால் விண்டோஸ் டிஸ்கையே மெமரியாகப் பயன்படுத்தும். அப்போது வாங்க வேண்டியது ரேம், எஸ்எஸ்டி அல்ல. பின்னணியில் அப்டேட் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். எச்சரிக்கை காட்டினால் கேமை மறந்துவிட்டு, கல்யாணப் படங்களையும் எஸ்பிஎம் சான்றிதழ் நகல்களையும் முதலில் வேறிடத்தில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டிக்காக நாம் தூரம் பார்க்க வேண்டியதில்லை. நமக்குத் தெற்கே பத்து காவானில்தான் மைக்ரானின் எஸ்எஸ்டி ஆலை இயங்குகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2018இல் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடுவதாகவும், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்குவதாகவும் அறிவித்தது.

பழைய கணினிக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். விலை கூடிய என்விஎம்இ வகையால் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டீமில் வாங்கிய கேமை மறுபடி பதிவிறக்கத் தேவையில்லை, அதன் செட்டிங்கிலேயே வேறு டிஸ்குக்கு மாற்றலாம். எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பிவிடாதீர்கள், அதுவும் மந்தமாகும். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலையில் பல டெராபைட் என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் போலி. வாரண்டி அட்டை தரும் கடையில் வாங்குங்கள்.