குதிரையின் கணக்கு

குதிரைச் சக்தி என்ற சொல்லை ஜேம்ஸ் வாட் ஊரறியச் செய்தது வியாபாரத்துக்காகத்தான். தம்முடைய நீராவி யந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 33,000 ராத்தலை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரையின் வேலை என்று வைத்தார்.

விற்கிறவன் சொன்ன கணக்கை வாங்குகிறவன் சோதிப்பது எப்படி? 1821-ல் பிரான்ஸில் ப்ரோனி என்ற எஞ்சினீயர், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அதன் இழுப்பை எடைவைத்து அளந்தார். டைனமோமீட்டர்களுக்கு மூதாதை அதுதான். பிற்காலத்தில் முழுக் காரையே உருளைகள்மேல் ஏற்றினார்கள். எஞ்சினில் பிறக்கும் சக்தியில் ஒரு பங்கு கியரிலும் அச்சிலும் கரைந்துபோகும். சக்கரத்துக்கு வந்து சேருவது சற்றுக் குறைவுதான்.

1999-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி கொண்டுவந்த மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரைகள் என்று விளம்பரம். வாங்கியவர்கள் சிலர், எதையும் மாற்றாத வண்டியை அப்படியே உருளைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். கரைந்துபோனதைச் சேர்த்துப் பார்த்தும் கணக்கு உதைத்தது. ஆகஸ்டில் கம்பெனி விற்பனையை நிறுத்திற்று. விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்து, எஞ்சினுக்குள் காற்றைச் செலுத்தும் குழாய்த் தொகுதியை மாற்றிக் கொடுத்தது.

அவர்கள் முதலில் எதையாவது மாற்றிவிட்டுப் பிறகு அளந்திருந்தால், குறை யாருடையது என்று யார் சொல்வது? வாடகை வீட்டுச் சுவரில் உள்ள விரிசலைக் குடிபோகுமுன்பே காட்டிவிடவேண்டும். ஆணி அடித்த பிறகு காட்டினால் எந்த வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வார்?