செர்னோபில்: எரிஞ்சது சிமென்ட் ஆலை

இன்னைக்கு ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாம். 1986 மே மாசம், அமெரிக்காவின் ஏபிசி, என்பிசி ரெண்டு தொலைக்காட்சியும் எரிகிற செர்னோபில் உலைன்னு ஒரு காட்சியை ஒளிபரப்புச்சு. கொஞ்ச நேரத்துலயே குட்டு வெளிப்பட்டது. இத்தாலியில் ட்ரியெஸ்ட் நகரத்துக்காரங்க அதைப் பார்த்துட்டு, 'இது நம்ம ஊர் சிமென்ட் ஆலை ஆச்சே'ன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு சேனலும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாச்சு.

ஹெச்பிஓ தொடரை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதனால உலைக்குள்ள என்ன ஆச்சுங்கிறதுக்கு நான் போகலை. அந்தச் செய்தி ஒவ்வொரு நாட்டுலயும் என்னவா மாறுச்சுங்கிறதுதான் இந்த எபிசோட்.

ஏப்ரல் 26, சனிக்கிழமை, அதிகாலை 1:23-க்கு நான்காவது உலை வெடிச்சது. மறுநாள் மதியம் பக்கத்து நகரமான பிரிப்யாத்தில் இருந்த கிட்டத்தட்ட 49,000 பேரை பஸ்ஸில் ஏத்தி அனுப்பினாங்க. அப்பவும் சோவியத் நாட்டு மக்களுக்கு ஒரு வரிகூடச் சொல்லலை. திங்கட்கிழமை காலை, 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரோட ஷூ சென்சாரை அலற வைச்சது. கசிவு நம்ம உலையிலதான்னு நினைச்சு அங்க ஆட்களை வெளியேத்தினாங்க. அப்புறம் காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு பார்த்து மாஸ்கோவைக் கேட்டாங்க. முதலில் கிடைச்ச பதில், 'அப்படி எதுவும் இல்லை.'

நான் ராத்திரி ஆன்-கால் பார்க்கிற ஆள். சிஸ்டம் விழுந்து கிடக்கும்போது ஸ்டேட்டஸ் பேஜ் மட்டும் பச்சையா இருக்கிறதை நிறையப் பார்த்திருக்கேன். ஆனா பக்கத்து வீட்டுக்காரரோட அலாரம் அடிச்சு நம்ம வீட்டு விபத்து வெளிய வர்றது வேற ரகம்!

அன்னைக்கு இரவு 9 மணி, 'வ்ரெம்யா' செய்தி. நாலஞ்சு வாக்கியம்தான். விபத்து நடந்தது, ஒரு உலை சேதம், பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவி தர்றோம், அரசு குழு அமைச்சாச்சு. எத்தனை பேர் செத்தாங்க, கதிர்வீச்சு எவ்வளவு, எதுவும் இல்லை. அதுக்கு அடுத்து டாஸ் நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? அமெரிக்காவிலும் த்ரீ மைல் ஐலண்ட் மாதிரி விபத்துகள் நடந்திருக்குன்னு ஒரு நினைவூட்டல்.

தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். யுபிஐ நிறுவனம், கீவ் நகரவாசி ஒருத்தர் சொன்னதா, 2,000 பேர் சாவுன்னு செய்தி அனுப்பிச்சு. நியூயார்க் போஸ்ட் அதை 15,000 ஆக்கி, பெருங்குழியில் புதைச்சதா தலைப்புப் போட்டது. வெடிப்பு நடந்த ராத்திரி இறந்தவங்க 2 பேர். மே 14-ல் கோர்பச்சேவ் டிவியில் தோன்றும்போது சொன்ன கணக்கு 9. அதே உரையில மேற்கத்திய ஊடகங்கள் பொய்களை மலையா குவிச்சதா சாடினார். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. அந்த 15,000 இல்லைன்னா அவர் அவ்வளவு தைரியமா அப்படிப் பேசியிருக்க முடியாது. மௌனம் வதந்தியை வளர்த்தது, வதந்தி மௌனத்துக்கு நியாயம் கொடுத்தது.

ஃபிரான்ஸ் கதை வேற. ஏப்ரல் 30-ல் ஆன்டென் 2 வானிலை அறிக்கையில, அசோர்ஸ் பக்கத்து உயர் அழுத்தம் நம்மைக் காப்பாத்தும்னு சொல்லி, எல்லையில ஒரு 'ஸ்டாப்' பலகையையே வரைபடத்தில் காட்டினாங்க. மேகம் நிக்கலை, உள்ள வந்துச்சு. மே 12-ல் லிபராசியோன் நாளிதழ் இதைக் கதிரியக்கப் பொய்னு முதல் பக்கத்தில் போட்டுத் தாக்கிச்சு. இங்க ஒரு நியாயம் சொல்லணும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் பியர் பெல்லெரின், மேகம் எல்லையில் நின்னுடுச்சுன்னு அந்த வார்த்தைகளில் சொன்னதில்லை. அவர் மேல நடந்த வழக்கு விசாரணையும் குற்றச்சாட்டு இல்லாமலே முடிஞ்சது. ஆனாலும் அந்த வாக்கியம் இன்னைக்கும் அவர் பெயரோடதான் ஒட்டியிருக்கு.

மேற்கு ஜெர்மனியிலோ பால் அளவுக்கே சண்டை. லிட்டருக்கு 500 பெக்கரெல்னு மத்திய அரசு வரம்பு வைக்க, ஹெஸ்ஸே மாநிலம் 20-ன்னுச்சு. பேப்பர் படிச்ச அம்மா எதை நம்புவாங்க? கிழக்கு ஜெர்மனியில் 'நோயெஸ் டாய்ச்லாண்ட்' சின்னதா ஒரு துணுக்கோட முடிச்சுக்கிச்சு. ஆனா கடையில திடீர்னு காய்கறி குவிஞ்சு கிடந்தது. மேற்குக்காரங்க வாங்க மறுத்த சரக்கு. மேற்கு டிவி ரகசியமா பார்த்திருந்த மக்களுக்கு, அது ஏன் குவிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிருந்தது.

இதெல்லாம் வெறும் ஊடக வம்பு இல்லை. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். புல்லில் விழுந்து, மாடு மேய்ஞ்சு, பாலா குழந்தையோட தைராய்டுக்குப் போகும். அதனால முதல் நாட்களில் 'பால் குடிக்காதீங்க'ன்னு சொல்றதுதான் மருந்து. கோர்பச்சேவ் பேசினது 18-வது நாள். மே 1 அன்னைக்கு கீவ் தெருக்களில் குழந்தைகள் ஊர்வலம் போனாங்க.

போலந்தும் கம்யூனிச நாடுதான், தணிக்கை இருந்த நாடுதான். அங்க விஞ்ஞானிகளுக்கு என்ன விபத்துன்னு தெரிஞ்சது பிபிசி வானொலி மூலமா. அடுத்த நாள் ஏப்ரல் 29-லிருந்து 1 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்துட்டாங்க. அந்தப் பக்கம், பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவில் அப்ப சிறுவர்களா இருந்தவங்களில் 2005 வரைக்கும் 6,000-க்கும் மேல் தைராய்டு புற்றுநோய். அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம்னு ஐ.நா. அறிவியல் குழு சொல்லுது.

இன்னும் ஒண்ணு. விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி, மார்ச் 27-ல், 'லிதராதுர்னா உக்ரைனா' இதழில் பிரிப்யாத் செய்தியாளர் லியுபோவ் கோவலெவ்ஸ்கா ஒரு கட்டுரை எழுதியிருந்தாங்க. அதே செர்னோபில் வளாகத்தில் கட்டிட்டிருந்த ஐந்தாவது உலைக்கு வர்ற பொருட்கள் தரமில்லை, வேலை ஒழுங்கில்லைன்னு. சோவியத் தணிக்கையைத் தாண்டி, உக்ரைனிய மொழியில் அச்சாகி வந்த செய்தி.

எந்தெந்த ஊர் மண்ணில் எவ்வளவு கதிரியக்கம்னு காட்டுற வரைபடம் சோவியத் நாளிதழ்களில் வந்தது 1989-ல்தான். மூணு வருஷமா அந்த மண்ணில் விளைஞ்ச உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கிட்டிருந்த கிராமத்துக்காரங்க, தங்கள் ஊர் பெயரை அந்தப் படத்தில் தேடிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.