கொல்கத்தாவில் செல்லோ

வயலின் குடும்பத்தைச் சேர்ந்த செல்லோ, நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அடிக்கம்பியைத் தரையில் ஊன்றி, வில்லால் வாசிக்கப்படும் நான்கு தந்திக் கருவியாகும். வயோலாவுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படுவதால் ஆண் குரலின் வீச்சு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

கொல்கத்தாவில் மேற்கத்திய இசைக் கல்விக்குப் பிலிப் சாந்த்ரே 1915-இல் நிறுவிய கல்கத்தா இசைப்பள்ளி அடித்தளமிட்டது எனினும், செல்லோவைப் பொறுத்தவரை முதலில் குறிப்பிட வேண்டிய இடம் பேஹாலாவிலுள்ள ஆக்ஸ்போர்டு மிஷன் வளாகமே. 1880-இல் தொடங்கிய இந்த ஆங்கிலிக்கன் மறைப்பணி அமைப்பைச் சேர்ந்த தியோடர் மாத்தீசன் பாதிரியார், அங்கு வளர்ந்த ஏழைச் சிறுவர்களுக்குத் தந்திக் கருவிகளைக் கற்பித்து ஓர் இசைக்குழுவையே உருவாக்கினார்; செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட ஓர் இசை, இவ்வாறு அவர்களுக்கு வெளியே கைமாறியது. அவருடைய மாணவரும் செல்லோக் கலைஞரும் இசையமைப்பாளருமான அனூப் குமார் பிஸ்வாஸ், லண்டனுக்குச் சென்று ழாக்லின் டு ப்ரே, பியர் ஃபூர்னியே ஆகிய செல்லோக் கலைஞர்களிடம் பயின்றபின், வறிய பிள்ளைகளுக்காகக் கொல்கத்தாவில் தொடங்கிய பள்ளிக்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார்.

வங்கத்தின் ஈரக்காற்று இக்கருவிக்கு உகந்ததன்று. மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிரடைகள் குழியில் இறுகிக்கொள்ள, மேற்பலகையை விலாப்பலகையோடு பிணைக்கும் வச்சிரப் பசை இளகி மூட்டு வாய்பிளக்கும். பலகை வெடிப்பதைவிட ஒட்டு விடுவதே மேல் என்பதால்தான் கருவி செய்வோர் இன்றும் அப்பசையை விடுவதில்லை.

செல்லோவுக்காகக் கொல்கத்தாக்காரர் ஒருவர் எழுதியவற்றுள் கவனத்துக்குரியது, 1930-இல் இந்நகரில் பிறந்து சாந்த்ரேயிடம் வயலின் பயின்ற ஜான் மேயரின் ‘பிரபந்தா’ ஆகும். ஜாஸ் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் 1960-களில் உருவாக்கிய இந்தோ-ஜாஸ் இசையாலேயே பரவலாக அறியப்பட்ட மேயர், லண்டன் பில்ஹார்மானிக் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். செல்லோவும் பியானோவும் மட்டுமே இடம்பெறும் இப்படைப்பைப் பெரிய இசைக்குழுவோடு தனிக்கருவி உரையாடும் கன்சர்ட்டோ வகையில் சேர்க்க இயலாது. ஆயினும் கமகத்துக்கு இடங்கொடுக்கும் செல்லோவையும், சுரங்கள் அசையாது நிற்கும் பியானோவையும் எதிரெதிரே நிறுத்துவதால், ராகத்தை மேற்கத்திய வடிவத்துள் கொண்டுவருவதிலுள்ள சிக்கலை அது கன்சர்ட்டோவைவிட வெளிப்படையாகவே காட்டுகிறது. இதை இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த செல்லோக் கலைஞர் ரோஹன் டி சேரம், தம் சகோதரரான பியானோக் கலைஞர் துருவி டி சேரத்துடன் இணைந்து பதிவுசெய்துள்ளார்.