கட்டைய யாரு உருட்டுறா?

இரவு ஒன்பதரை ஆனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு சொல் வரும்: "வாரியா?"

நாலு பேர். ஒருத்தன் கட்டாரில். அவனுக்கு அப்போது ஏழு மணி, வேலை முடிஞ்சு அறைக்கு வந்து சோறு வைக்கிற நேரம். ஒருத்தன் கொழும்பில் புடவைக் கடையில். இன்னொருத்தன் பன்வில பக்கம் தோட்டத்திலேயே இருக்கிறான். சிக்னல் பிடிக்க லயத்துக்கு மேலே இருக்கிற கல்லுக்கு ஏறணும், மழை நாளில் அவன் வரமாட்டான். நான் பேராதனையில், சனி ஞாயிறு வத்தேகம வீட்டில். 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது உயர்தரம் படிச்சிட்டு இருந்தோம். பொழுது போகாமல் தொடங்கின லூடோ. ஊரடங்கு முடிஞ்சது, பரீட்சை முடிஞ்சது, ஆளுக்கொரு திசையாப் போனோம். லூடோ மட்டும் நிக்கல.

சண்டை இல்லாமல் ஒரு ஆட்டமும் முடிஞ்சதில்லை. பெரும்பாலும் ஆறு பற்றிய சண்டைதான். ஆறு விழுந்தால்தானே காய் வெளியே வரும்! "இது கள்ளக் கட்டை மச்சான், எனக்கு மட்டும் விழுகுதில்ல" என்று கட்டார்க்காரன் கத்துவான். ஒருநாள் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்குத் தொடர்ந்து பத்து உருட்டலில் ஆறே விழாமல் போக நூற்றுக்கு 16 அளவில் வாய்ப்பிருக்கு. நாலு பேரில் யாராவது ஒருத்தருக்கு அப்படி நடக்க நூற்றுக்கு 50. ஆக, ரெண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் யாரோ ஒருத்தன் சும்மா உட்கார்ந்து பல்லைக் கடிக்கத்தான் வேணும். இதை எழுதிப் போட்டேன். ஒருத்தனும் வாசிக்கல.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாயிதான் சரியான கேள்வியைக் கேட்டா.

"ஏன் புள்ள, நாலு பேரும் நாலு ஊர்ல. கட்டைய யாரு உருட்டுறா?"

"செயலி உருட்டும் அம்மாயி."

"அது யாரு வீட்டு ஆளு?"

சிரிச்சிட்டு விட்டுட்டேன். பிறகு படுத்தபோது அது லேசான கேள்வி இல்லை என்று தோணுச்சு. தூரத்தில் இருந்து விளையாடுகிற வரலாறே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கு.

சதுரங்கத்துக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. 1824இல் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ கழகமும் தபாலில் விளையாடத் தொடங்கி, 1828இல் எடின்பரோ ஜெயிச்சது. கடிதத்தில் ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பணும், ரெண்டு ஊரிலும் ஆளுக்கொரு பலகை, ரெண்டிலும் ஒரே மாதிரி காயை வைக்கணும். அவ்வளவுதான். ஏமாற்ற இடமே இல்லை, ஏன்னா எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கு. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை இல்லை.

கட்டை உருட்டும் விளையாட்டு அப்படியில்லை. "எனக்கு ஆறு விழுந்தது" என்று கடிதம் எழுதினால் யார் நம்புவா? நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடின சபையிலேயே துரியோதனனுக்காக சகுனி உருட்டினதுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அவலோன் ஹில் என்ற நிறுவனம் போர் விளையாட்டுப் பலகைகள் விற்றது. அவற்றைத் தபாலில் விளையாட அவர்கள் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ரெண்டு பேரும் ஒரு நாளையும் ஒரு கம்பனியையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளணும். அந்த நாள் பங்குச் சந்தையில் அந்தக் கம்பனிக்கு விழுகிற எண்தான் கட்டை. பத்திரிகையை ரெண்டு பேரும் வாங்கலாம், ஒருத்தரும் மாற்ற முடியாது.

1981இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மனுவல் புளும் தொலைபேசி வழியாக நாணயம் சுண்டுவது எப்படி என்றே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் விவாகரத்தான ரெண்டு பேர், வேறு வேறு ஊரில். கார் யாருக்கு என்று சுண்டிப் பார்க்கணும், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நம்புறதில்லை. புளும் அதைக் கணிதத்தால் தீர்த்தார். இணையம் வேறு வழியில் தீர்த்தது: நடுவில் ஒரு கணினியை உட்கார வச்சு, கட்டையை அதன் கையில் கொடுத்தது. 1992இலேயே பேக்கமன் விளையாட அப்படி ஒரு சேவையகம் வந்துவிட்டது. கள்ளக் கட்டை என்ற புலம்பலும் கூடவே வந்தது. கட்டார்க்காரன் தனி ஆள் இல்லை.

லூடோவின் கதையும் பயணக் கதைதான். வட இந்தியாவில் சோழி உருட்டி ஆடின பச்சீசிதான் அதற்கு மூலம். அக்பரின் பதேபூர் சிக்ரி முற்றத்தில் பெரிய பச்சீசிக் கட்டம் இன்றைக்கும் இருக்கு. ஆங்கிலேயர் அதைக் கொண்டுபோய், சோழியை எடுத்துவிட்டு ஆறுபக்கக் கட்டையையும் ஒரு குவளையையும் வச்சு, 1896இல் லூடோ என்று காப்புரிமை எடுத்தார்கள். லத்தீனில் 'நான் விளையாடுகிறேன்' என்று அர்த்தமாம். பிறகு அட்டையில் அச்சாகி நம்ம ஊர்க் கடைக்கே திரும்பி வந்தது. 2016இல் மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று லூடோ கிங் என்று அதைப் போனுக்குள் போட்டது.

அம்மாயிக்கு லூடோ தெரியாது. அவவுக்குத் தாயம். லயத்து இஸ்தோப்பில் கரிக்கட்டையால் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறுவாங்களாம். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளை தெரிய வச்சால் அதுதான் கட்டை. ஒரு வெள்ளை மட்டும் நிமிர்ந்தால் தாயம், காய் இறங்கும். எதிராளி காயை ஒன்றாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக முடியாது. பெருக்கல் போட்ட கட்டத்துக்குப் பேர் மலை, அங்கே நின்றால் வெட்டக் கூடாது. (மலையில் நின்றவங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் அந்த விதியை எழுதினவர் இந்தப் பக்கம் வந்ததில்லை போல.) தோட்டத்துச் செக்ரோலில் ஆளின் பேர் இருக்கும், வேலை நாள் இருக்கும். அந்தி நேரத்தில் அந்த ஆள் என்ன விளையாடினார் என்று எழுத ஒரு பத்தி கிடையாது. எங்கள் துறையில் ஆவணம், ஆவணம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும்.

அம்மாயி கூடத் தாயம் ஆடினது அவவோட அக்கா. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு ரெண்டு பேரின் குடும்பமும் நாடற்றதாகிவிட்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரிச்சார்கள். காய் பிரிக்கிற மாதிரித்தான். அக்கா கட்டிக்கிட்ட வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க, அம்மாயி வீட்டில் இலங்கைக்கு. எழுபதுகளின் நடுவில் அக்கா ஒப்பாரிக் கோச்சியில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடிச்சு, கடைசியில் நீலகிரியில் கூடலூர் பக்கம் போய்ச் சேர்ந்தா. அங்கேயும் கொழுந்துதான்.

கடிதம் வந்துகொண்டிருந்தது. யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது. "கடுதாசில தாயம் விளையாடிருக்கலாமே" என்று விளையாட்டாக் கேட்டேன். அம்மாயி என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. "ஒரு கடுதாசி போய்ச் சேர மாசம் ஆகும். தாயம் விழவே வருசமாயிரும் புள்ள."

போன சித்திரை வருசத்துக்குப் பெரியம்மாயியின் பேத்தி வீடியோ அழைப்பு எடுத்தா. தாயம் ஆடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ஒரு செயலியைத் தேடி இறக்கியும் கொடுத்தேன். ரெண்டு கிழவிகளும் அதைத் தொட மறுத்துட்டாங்க. இங்கே இஸ்தோப்பில் ஒரு கட்டம், அங்கே கூடலூரில் ஒரு கட்டம், ரெண்டிலும் ரெண்டு பேர் காயும். அந்த லண்டன்காரங்க பண்ணின அதே வேலை. ஆனால் புளியங்கொட்டையை அவரவரே உருட்டினாங்க.

பேத்திக்குப் போனைப் பிடிக்கத் தெரியல. பாதி நேரம் பெரியம்மாயியின் நெற்றியும் கூரைத் தகரமும்தான் தெரிஞ்சது. கொட்டை விழுற சத்தம் கேக்கும், விழுந்தது தெரியாது. அம்மாயிக்கு நாலு தடவை உருட்டியும் தாயம் இல்லை. அங்கே முதல் உருட்டலிலேயே "தாயம்!" என்று குரல் வந்தது.

"கட்டையக் காட்டச் சொல்லு அம்மாயி" என்று நான் மெதுவாச் சொன்னேன்.

"சும்மா இரு" என்று சொல்லிட்டு, அக்காவின் காயை எடுத்து மலையில் வச்சா.