வளரி: எறிகளத்திலிருந்து சேகரிப்புக்கு

வளரி பிறை வடிவில் வளைந்த, கையால் வீசி எறியும் ஆயுதம். பெரும்பாலும் வைரம் பாய்ந்த கட்டையிலும், சில சமயம் இரும்பிலும் செய்யப்பட்டது. வளைதடி என்ற பெயரும் இதற்கு உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய சீமைகளில் மறவரும் கள்ளரும் இதை வேட்டையிலும் போரிலும் கையாண்டனர். இதைப் பூமராங்கோடு ஒப்பிடுவதுண்டு. பூமராங் என்றதும் எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் தடிதான் பலருக்கு நினைவுக்கு வரும். வளரி அப்படித் திரும்புவதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வேட்டைக்குப் பயன்படுத்திய தடிகளிலும் பெரும்பாலானவை திரும்பாதவையே. நெடுந்தொலைவு நேராகச் சென்று இலக்கைச் சாய்ப்பதே இவற்றின் வேலை.

வளரியின் அமைப்பைத் துல்லியமாக அளந்து எழுதியவர் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் இவரே. சிவகங்கைக்கு அருகே கிடைத்த இரண்டு வளரிகள் அவரது சேகரிப்பில் இருந்தன. பெரியது வெளிவளைவில் 24 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். இரு முனைகளுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 17½ அங்குலம். பிடிக்கும் முனையில் ஒரு குமிழ். அதை அடுத்த பகுதிதான் மிக மெல்லியது. அங்கிருந்து மறுமுனை வரை தடி மெல்ல மெல்ல அகன்று, 2⅜ அங்குல அகலத்தில் வெட்டிவிட்டாற்போல் முடிகிறது. மரம் புளிய வேர் என்று அவரிடம் சொன்னார்கள். வேலைப்பாடு கரடுமுரடானது என்றும் ஃபூட் குறித்திருக்கிறார். ஆனால் குமிழையும், ஒரு பக்கமாகச் சேர்ந்த எடையையும் பார்த்தால், செய்தவர் எதில் கவனம் வைத்தார் என்பது தெரியும். மெல்லிய முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி விட்டெறியும்போது, கனத்த முனைதான் வேகத்தைத் தாங்கிச் செல்கிறது. பிடி நழுவாமல் காப்பது குமிழ்.

வளரியைக் கற்று, அதைப் பற்றி எழுதியும் வைத்த ஐரோப்பியர் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ். 1795இல் இளம் அதிகாரியாக இருந்த அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர், சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது. நூறு கெஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், எந்தத் தொலைவுக்கும் குறி தவறாமல் வீசக்கூடிய ஆயுதம் இது என்று, 1830இல் வெளிவந்த தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் எழுதினார். ஆறே ஆண்டுகளில் அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் வெல்ஷும் இருந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. போர்க்கருவி என்ற நிலையில் வளரியின் கதை ஏறக்குறைய அங்கே முடிகிறது.

வேட்டைக்கருவியாக அது இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 1883 மார்ச்சில் சிவகங்கைப் பக்கம் சென்ற ஃபூட், புதர்க்காட்டில் ஆண்களும் சிறுவர்களும் நாய்களோடு கூட்டங் கூட்டமாக முயல் வேட்டையாடுவதைக் கண்டார். முயல் எழுந்து ஓடிய கணமே நாலா பக்கமிருந்தும் வளரிகள் பறந்தன, தப்புவது அரிது. உடல்நலமுள்ள மறவர் ஆண்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒரு நாள் கலந்துகொள்ள வேண்டிய, பாதி சமயக் கடமை போன்ற வேட்டை அது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தென் மாவட்டங்களில் பாரிவேட்டை என்று வழங்கும் சடங்கோடு இதை ஒப்பிடலாம். தாம் பார்த்த எந்த வீச்சிலும் தடி திரும்பி வரும் அறிகுறியே இல்லை என்று ஃபூட் திட்டமாக எழுதியிருக்கிறார். பார்த்தவர் எழுதிய இந்தச் சில வரிகள், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பல வளரிகளைவிட அதிகம் சொல்கின்றன.

சேகரிப்பும் இதே நூற்றாண்டில்தான் சூடுபிடித்தது. 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைந்தது. தேர்ந்தெடுத்த பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்த அருங்காட்சியகத்தில் மூன்று வளரிகள் இருந்ததாகவும், தஞ்சையிலிருந்து வந்த இரண்டு யானைத் தந்தத்தாலும் புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒன்று மரத்தாலும் ஆனவை என்றும் சமஸ்கிருதப் பேராசிரியர் குஸ்தாவ் ஆப்பர்ட் பதிவு செய்தார். புதுக்கோட்டை மன்னரின் ஆயுதசாலையில் மர வளரிகள் எப்போதும் இருப்பில் இருந்தன என்பதும் அவர் தரும் செய்தி. தந்த வளரியை வைத்து முயலடித்திருக்க முடியாது. அது அரண்மனைப் பெருமைக்குச் செய்தது. புளிய வேரில் செதுக்கியது தேய்ந்தோ உடைந்தோ போக, தந்தத்தில் செய்தது அழகாக மிஞ்சியது. எந்தச் சேகரிப்பிலும் நேர்வதுதான் இது.

அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் வெளியே வேறொரு சேகரிப்பும் நடந்தது. புதுக்கோட்டைத் திவான், மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டனுக்கு அனுப்பிய குறிப்பு, 1909இல் வந்த அவரது ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் உள்ளது. வளரியில் தேர்ந்தவர்கள் இனிச் சமஸ்தானத்தில் இல்லை என்கிறது அது. முயல், காட்டுக்கோழி வேட்டையில் எப்போதாவது பயன்படுவதோடு சரி. ஆனால் பழைய வீரக் குடும்பங்களின் பூசை அறைகளில் மற்ற ஆயுதங்களோடு வளரியும் இருந்தது. ஆயுத பூசையன்று எடுத்துச் சுரண்டித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்கள். கள்ளர்களில் சில பிரிவினரிடையே திருமணத்தின்போது மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வளரிகளை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். வீசத் தெரிந்த கைகள் மறைந்த பின்னும் பொருளுக்கு மரியாதை குறையாததற்கு இச்சடங்குகளே காரணம்.

ஆங்கிலேயச் சேகரிப்பாளர்களின் அக்கறை வேறு திசையில் போனது. பிட் ரிவர்ஸ் என்று பின்னர் அறியப்பட்ட தளபதி லேன் ஃபாக்ஸ் எகிப்து, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு எறிதடிகளையும் அடுத்தடுத்து வைத்து, அவை ஒரே மூலத்திலிருந்து பரவியவை என்று வாதிட்டார். 1870இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியும் தென்னிந்திய மக்களில் சிலரை ஆஸ்திரேலியரோடு ஒரே இன வகையில் சேர்த்தார். அந்த வகைப்பாடு இன்று கைவிடப்பட்டுவிட்டது. எறிதடி பல நாடுகளிலும் பழமையானது என்பது உண்மைதான். எகிப்திய மன்னர் தூத்தான்காமனின் கல்லறையிலும் எறிதடிகள் இருந்தன. தென் ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பு நிலத்தில் கிடைத்தவை சுமார் 10,000 ஆண்டுப் பழமையானவை. ஆனால் வளைந்த கிளையை எறிந்தால் நேர்க்கம்பைவிட நன்றாகச் சுழன்று போகும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு குலம் மற்றொன்றிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் அந்தத் தவறான வாதத்துக்காகச் சேர்த்ததால்தான் தென்னிந்திய வளரிகள் சில இங்கிலாந்துச் சேகரிப்புகளில் பத்திரமாக உள்ளன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டைக்கு இடமில்லை. சிலம்பம் கற்பிக்கும் ஆசான்கள் சிலர் வளரி வீச்சையும் இப்போது பயிற்றுகிறார்கள். இலக்கு உயிரினமல்ல, நட்டு வைத்த கம்பமோ வாழைத்தண்டோ. பயிற்சிக்கான தடிகளைப் பழைய வளரிகளின் படங்களையும் வாய்மொழி நினைவுகளையும் பார்த்துச் செதுக்குகிறார்கள். வடிவத்தைப் படத்தில் பார்த்துவிடலாம்; எந்த முனை எவ்வளவு கனக்க வேண்டும் என்பதற்கு ஃபூட் எழுதி வைத்தது போன்ற அளவுகள்தான் உதவும்.