கதிரியக்க மண் கழுவல்

கதிரியக்கப் பொருள் படிந்த மண்ணை நீரிலோ வேதிக் கரைசலிலோ அலசி, மாசு மிகுந்த நுண்துகள்களைப் பிரித்தெடுக்கும் முறை. கழுவினால் கதிரியக்கம் அழியாது. அது சேற்றில் போய்ச் சேரும், மணலும் சரளையும் ஓரளவு தூய்மையாகும். பாதுகாக்க வேண்டிய மண்ணின் அளவு குறைவதே இதன் பயன்.

தொடக்கத்தில் மாசுபட்ட மண்ணைத் தோண்டி அள்ளிச் செல்வதே வழக்கமாக இருந்தது. 1966இல் ஸ்பெயினின் பலோமரேஸ் கிராமத்தின் மீது அணுகுண்டுகளை ஏந்திய அமெரிக்கப் போர் விமானம் விபத்துக்குள்ளாகிப் புளூட்டோனியம் சிதறியபோது, சுமார் 4,800 பீப்பாய் மண் கப்பலேறித் தென் கரோலினாவுக்குப் போனது. சுரங்கங்களில் தாதுவை அலசிப் பிரித்த நுட்பத்தை 1980களில் நெதர்லாந்தும் ஜெர்மனியும் தொழிற்சாலை மாசு படிந்த மண்ணுக்குக் கொண்டுவந்தன. 1990களில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் யுரேனியம் கலந்த மண்ணில் அது சோதிக்கப்பட்டது. அங்கே மண் பெரும்பாலும் சரளை என்பது வசதி.

அந்த வசதி ஜப்பானின் ஃபுகுஷிமாவில் எல்லா இடத்திலும் இல்லை. 2011 மார்ச் அணு உலை விபத்தில் படிந்த கதிரியக்கச் சீசியம் மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிட்டது. அதனால் சுமார் 5 சென்டிமீட்டர் மண் சுரண்டி எடுக்கப்பட்டு, கறுப்புப் பைகளில் கட்டப்பட்டது. சோதனை ஆலைகளில் பையைப் பிரித்துச் சருகையும் வேரையும் சலித்தெடுத்தார்கள்; நீர் பாய்ச்சி மணலோடு மணலை உரசவிட்டார்கள்; 0.075 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள்களை ஒதுக்கினார்கள். மணற்பாங்கான மண் இதற்கு இணங்கியது. வயல்மண் இணங்கவில்லை. களிமண்ணில் உள்ள மைக்கா, வெர்மிகுலைட் போன்ற கனிமங்களின் அடுக்குகளுக்கிடையே சீசியம் அயனி கச்சிதமாகப் பொருந்தி இறுகிவிடுகிறது. வெறும் நீருக்கு அது அசைவதில்லை. சூடான அமிலத்தில் கரைத்து, பிரஷ்யன் நீலம் என்ற நிறமியால் சீசியத்தைப் பிடிக்கும் வழியையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் முயன்றார்கள். அமிலம் பட்ட மண்ணில் மீண்டும் பயிர் வைப்பது எளிதன்று, செலவும் கூடுதல். ஆகவே கழுவல் எல்லா மண்ணுக்குமான தீர்வாகாது. முதலில் மண்ணின் தன்மையைப் பார்க்க வேண்டும்.

சீசியம்-134இன் அரை ஆயுள் சுமார் 2 ஆண்டுகள், சீசியம்-137க்குச் சுமார் 30 ஆண்டுகள். இந்த இயற்கைச் சிதைவும் கணக்கில் சேர்வதால், கதிரியக்கம் கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்கு மிகாத மண்ணைக் கழுவாமலே சாலை, கரை போன்ற பொதுப்பணிகளில் பயன்படுத்தலாம் என்பது ஜப்பான் அரசின் திட்டம். 2025 ஜூலையில் அத்தகைய மண் டோக்கியோவில் பிரதமர் அலுவலகத் தோட்டத்திலும் போடப்பட்டது. ஒகுமா, ஃபுதாபா நகரங்களில் உள்ள இடைக்காலச் சேமிப்பகத்துக்கு வந்த மண் சுமார் 1.4 கோடி கன மீட்டர். அதை 2045 மார்ச்சுக்குள் ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய் இறுதியாக அகற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.